பத்து நாள்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

சாயங்கால ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கொழுந்தனார் போன். மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்கிறார்களாம். துபாயில் வேலை, ஒரே பையன், சபைக் காரியங்களில் முன்நிற்கிற குடும்பம். “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம் தம்பி” என்றேன். போனை வைத்த கையோடு கல்யாண மண்டபத்துக்குப் பேசினேன். லெந்து நாட்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் ஏப்ரல் 20. அதற்குப் பிறகு மே 19 காலியாக இருக்கிறது என்றார்கள். பத்து நாள் பிடித்து வையுங்கள், முன்பணத்தோடு வருகிறேன் என்றேன். அப்புறம்தான் முழங்கால்படியிட்டேன்.

மார்ச் 7

வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து ஒரு அட்டை எடுத்தேன். ஆறுதலான வசனம்; ஆனால் நான் தேடியது அது இல்லை. இன்னொன்று எடுத்தேன். மூன்றாவதில் ஆசீர்வாதம் என்ற சொல் இருந்தது. கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தேன். ராத்திரி அதைப் பார்க்கவே மனசு கூசியது. எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகளுக்கு நைட் டியூட்டி. பேச வாய்க்கவில்லை.

மார்ச் 11

எரேமியா 42. எத்தனையோ முறை வாசித்துக் கடந்துபோன அதிகாரம். எருசலேம் இடிந்து கிடக்கிறது. பாபிலோன் ராஜா நியமித்த கெதலியாவையும் வெட்டிப்போட்டாயிற்று. மிச்சமிருந்த ஜனங்கள் பயந்து எகிப்துக்குக் கிளம்பி, பெத்லகேம் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள். அந்த நிலையில்தான் எரேமியாவிடம் போய், எங்களுக்காக ஜெபியும், நன்மையோ தீமையோ கர்த்தர் சொல்கிறபடி செய்வோம் என்கிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். நீ சொல்வது பொய் என்று சொல்லி, எரேமியாவையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போய்விடுகிறார்கள்.

அவர்கள் நின்று கேட்ட இடம்தான் என்னைத் தைத்தது. போகிற வழியில், மூட்டை முடிச்சோடு நின்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் ஒருவரும் மூட்டையை அவிழ்த்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. எரேமியாவை நினைத்தும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் பதிலுக்குப் பறக்கும்போது, தன் மனதில் பட்டதைக் கர்த்தருடைய வார்த்தை என்று எடுத்துக் கொடுத்துவிடாமல் பத்து நாள் இருந்திருக்கிறாரே. அவருக்கென்று ஒரு எண்ணம் இருந்திருக்காதா?

மார்ச் 13

சவுல் ராஜாவும் சாமுவேலுக்காக ஏழு நாள் காத்திருந்தவன்தான், கில்காலில். ஜனம் சிதறுவதைப் பார்த்ததும் தானே பலி செலுத்திவிட்டான். அவன் செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வரவும் சரியாக இருந்தது. அவன்மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. மகளுக்கு 29 வயது. கோயில் வாசலில் ஒவ்வொருவரும் விசாரிக்கும்போது அந்தப் பதற்றம் எனக்கும் தெரிகிறது.

காத்திரு என்ற சொல்லுக்குள் காவலும் இருக்கிறது. எதைக் காப்பது? அவர் பேசவேண்டிய இடத்தில் நான் பேசிவிடாதபடி அந்த இடத்தைக் காப்பது என்று இன்றைக்கு எனக்குப் படுகிறது.

மார்ச் 15

டியூட்டி முடிந்து வந்தவள் காபியோடு திண்ணையில் உட்கார்ந்தாள். “இந்தச் சம்பந்தத்தைப் பத்தி நீ என்னம்மா நெனைக்க?” என்றேன். இத்தனை நாளில் இன்றுதான் கேட்கிறேன். பதில் இல்லை. வழக்கமாக அந்த இடைவெளியில் நானே நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவேன். இன்று சும்மா இருந்தேன். காபியில் ஆடை படிந்தது.

“மண்டபத்துலேருந்து உங்க போனுக்கு மெசேஜ் வந்திருந்துச்சு. பாத்தேன். இனி நான் சொல்ல என்னம்மா இருக்கு?”

உள்ளே போய் மண்டபத்துக்குப் போன் செய்தேன். முன்பணம் எப்போது கொண்டுவருகிறீர்கள் என்றார்கள். மே 19-ஐ வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். திண்ணையில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் கொழுந்தனார் திரும்பவும் கூப்பிட்டார். “இன்னும் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம் தம்பி” என்றேன். பக்கத்தில் அவளும் இருந்தாள்.