மெட்டில் உட்காரும் சொல்

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற வழக்கு தமிழ்நாட்டில் ஓய்வதாக இல்லை. மெட்டு முந்திக்கொண்டால் கவிதை செத்துப்போகும் என்பது ஒரு கட்சி. சினிமாவில் வேறு வழியே இல்லை என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கேள்வியைத் தப்பான இடத்தில் வைத்திருக்கின்றன என்பது என் எண்ணம். எது முன்னால் பிறந்தது என்பது பாட்டைக் கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை. சொல் மெட்டில் உட்கார்ந்திருக்கிறதா, துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதுதான் அவர் காதுக்குத் தெரியும். அதைத் தீர்மானிப்பது தமிழின் மாத்திரைக் கணக்கு. இதைக் காதால் கேட்டே சோதிக்க சின்ன காஞ்சிபுரம் நல்ல இடம். வரதராஜப் பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது முன்னால் திவ்வியப் பிரபந்த கோஷ்டி போகிறது, பின்னால் வேதபாராயண கோஷ்டி வருகிறது. பெரிய காஞ்சிபுரம் பக்கம் போனால் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற குமரகோட்டம். ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. பட்டுச்சேலை வாங்க வருகிறவர்கள் இதில் எதையும் கேட்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் கோஷ்டி. அங்கே கச்சேரியின் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. கையில் புத்தகம் வைத்துக்கொள்ளாமல், வெவ்வேறு வயதும் சுருதியும் கொண்ட பல குரல்கள் நடந்துகொண்டே சேர்ந்து ஓதுகின்றன. ஒரு சொல்லில் முந்துபவர் அடுத்த சொல்லுக்குள் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் வகுத்த அளவே அவர்களுக்குத் தாளமாக நிற்கிறது. இந்தக் கோயிலில் யார் எந்த வரிசையில் ஓதுவது என்பதில் வைணவப் பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் நடக்கும் வழக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே நீதிமன்றம் ஏறி, இன்றும் இறங்கவில்லை. அவ்வளவு மனத்தாங்கலுக்கு நடுவிலும் பாசுரத்தின் நெடிலைக் குறிலாக்க எந்தத் தரப்பும் துணியாது. இசையமைப்பாளர் வருவதற்கு முன்பே சொல்லுக்குள் ஒரு நடை இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அந்த நடையைத் தனியே பிரித்தெடுத்து அச்சாக்கிக் காட்டியவர் 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். ஒவ்வொரு திருப்புகழுக்கும் ஒரு சந்தக் குழிப்பு உண்டு. ‘தத்த’ என்ற இடத்தில் குறிலும் இரட்டித்த வல்லினமும் வரவேண்டும்: பட்டு, பத்து, முத்து. ‘தந்த’ என்றால் குறிலை அடுத்து மெல்லினம் கலந்து வரவேண்டும்: சந்து, பந்து. ‘தான’ என்றால் நெடிலை அடுத்து ஒரு குறில். இந்த ஊரின் இரண்டு பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கச்சி’ உட்காரும் இடம் ‘தத்த’. ‘காஞ்சி’ உட்காரும் இடம் ‘தாந்த’. பொருள் ஒன்றுதான் என்று ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் அடி அங்கேயே நொண்டும். அகராதியில் ஒன்றாக இருக்கும் இரு சொற்கள் பாட்டில் இரு வேறு பண்டங்கள். அருணகிரியார் என்ன மெட்டில் பாடினார் என்பது தொலைந்துவிட்டது. வ.த.சுப்பிரமணிய பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் ஊராகச் சுவடி தேடி அச்சேற்றியபோது சொற்கள்தான் கிடைத்தன. ஆனாலும் இன்று யார் எந்த ராகத்தில் அமைத்தாலும் தாளம் ஏறத்தாழப் பாட்டிலிருந்தே எழுந்துவிடுகிறது. சினிமா இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை வாசித்து ‘தன்னானே’ என்று பாடலாசிரியருக்குக் கொடுக்கும் தத்தகாரம் இந்த வழியில் வந்த கருவிதான். அதை இழிவாகப் பேசுகிறவர்கள் திருப்புகழை என்ன செய்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மெட்டு முந்தினால் கவிதை குறைப்படும் என்ற வாதத்துக்கு வரலாறும் துணை நிற்கவில்லை. காஞ்சியில் சில காலம் தங்கி துறவி உபநிஷத் பிரம்மத்திடம் பழகிய முத்துசுவாமி தீட்சிதர், அதற்கு முன்பே மணலியில் இருந்த நாட்களில் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருந்தார். அந்த அந்நிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய சாகித்தியங்களே நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டுக்கும் அவரிடம் சாகித்தியம் உண்டு. மெட்டில் நீண்ட சுரம் வருமிடத்தில் நெட்டெழுத்தையும், துள்ளும் இடத்தில் குற்றெழுத்தையும் வைத்ததால், மெட்டு வெளியிலிருந்து வந்தது என்று சொன்னாலொழியப் பலருக்கும் தெரிவதில்லை. பாரதி தம் தேசியப் பாட்டுகள் பலவற்றின் தலைப்பிலேயே, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் வரும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று குறித்தார். குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான் விற்றன. மக்கள் நாக்கில் ஏற்கெனவே இருந்த மெட்டு, புதிய சொல்லை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. கண்ணதாசனும் எம்.எஸ்.விஸ்வநாதனும் இரண்டு முறையிலும் வேலை செய்தார்கள். எந்தப் பாட்டு எந்த முறையில் பிறந்தது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினால், பிரித்துச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இசை குறிலை நீட்டத்தானே செய்கிறது, கர்நாடக சங்கீதத்தில் ஓர் எழுத்தின் மேல் எத்தனை சங்கதி போடுகிறார்கள், பிறகு எதற்கு இந்த மாத்திரைக் கெடுபிடி என்று கேட்கலாம். நீட்டலாம்தான், சொல் தன்னை இழக்காத வரையில் நீட்டலாம். ‘மலை’யில் முதல் எழுத்தை நீட்டினால் ‘மாலை’ ஆகிவிடும். ‘படம்’ பாடமாகும், ‘வனம்’ வானமாகும். தமிழில் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள தூரம் பொருளின் தூரம். சொல்லின் கடைசி எழுத்தை நீட்டினால் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அதற்குள் சொல் முடிந்து காதில் ஏறிவிட்டது. பதம் பிரிக்கும் இடமும் அதே அளவுக்கு முக்கியம். மூச்சு எடுக்கும் இடத்தில் சொல் பாதியில் அறுந்தால், அடுத்த பாதி வேறொரு சொல்லாகப் பிறக்கும். இதைக் கூத்து மேடையைப் போலக் கறாராகப் பரிசோதிக்கும் இடம் வேறில்லை. வேஷக்காரர் தரு என்னும் கூத்துப் பாட்டைப் பாடி முடிக்கும்போது பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள், முகவீணைக் குழல் அதன் மேல் ஏறுகிறது. சொல் தாளத்தோடு முறியாமல் விழுந்தால்தான் பின்பாட்டு சுத்தமாக வாங்கும். திறந்தவெளியில் உச்ச சுருதியில் பாடுவதால் வாய் திறந்து ஒலிக்கும் ஆகாரத்துக்கு அங்கே தனி மதிப்பு. மேல் சுரத்தில் இகரமும் உகரமும் தொண்டையை இறுக்கும். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பொ.ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்து, நடித்துப் பாடி, பிறகு புதிய நாடகங்களையும் எழுதினார். பாடுகிறவரே எழுதும்போது எந்த எழுத்து எங்கே தொண்டையில் சிக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கடத்த, 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் புஞ்சரசந்தாங்கலில் இளைஞர்களுக்கென்று நடத்திய குருகுலம் 2020இல் மூடப்பட்டதை நான் ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

அப்படியானால் இன்று இத்தனை பாட்டுகளில் சொல் ஏன் துருத்துகிறது? மெட்டு முன்னால் வருவதன் மேல் பழி போடுவது சுலபம். பழி வேலை நடக்கும் விதத்தின் மேல்தான் விழவேண்டும். டம்மி வரிகளோடு முடிந்துபோன ஒலித்தடம் கடைசி நேரத்தில் பாடலாசிரியர் கைக்கு வருகிறது. தமிழ் தெரியாத பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் குறிலை நெடிலாக்கும்போது, திருத்த வேண்டியவர் அங்கே இருப்பதில்லை. எழுதியவருக்கு ஒரு மொத்தத் தொகை. அதோடு கணக்குத் தீர்ந்தது. திரைப்பாட்டுக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்ற நிலையை 1977இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதி செய்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள், பாட்டு விற்ற பணம் எழுதியவர் வீட்டு வாசலை எட்டிப் பார்க்கவில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் உரிமத்தொகையில், உரிமையை வாங்கியவரோடு எழுதியவருக்கும் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. நல்ல சட்டம். சட்டம் வந்த பிறகும் எழுதியவரைக் கூலிக்கு வந்தவராகவே நடத்தும் இடைத்தரகர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் சேமித்த காசும் நேரமும்தான் நம் காதில் முறிந்த சொற்களாக விழுகின்றன. கூத்து வாத்தியார் எழுதிய தரு நான்கு குழுக்களில் பாடப்பட்டாலும், அதைப் படம்பிடித்தவர் இணையத்தில் ஏற்றிக் காசு பார்த்தாலும், எழுதியவருக்குப் பங்கு வாங்கித்தர இன்று ஒருவரும் இல்லை. அவரும் ஓர் ஆசிரியர் என்பதை ஒப்புக்கொள்ளச் சட்டம் தயங்காது. அவருடைய பாட்டு நோட்டைப் பதிவு செய்து, அவர் பெயரில் கணக்குத் திறந்து வசூலிக்க ஓர் அமைப்பு வேண்டும். அதற்கு அரசு முன்கை எடுக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.