சீத்தாப் பூவுக்கு வர்ற வண்டு

மகரந்தச் சேர்க்கைன்னாலே உங்களுக்குத் தேனீதான் ஞாபகம் வரும். சீத்தாப் பூவைத் தேனீ அவ்வளவா சீண்டாது. தடிச்ச மூணு இதழ், தலைகீழாத் தொங்கும், லேசாத்தான் வாய் திறக்கும். அந்த இடுக்குல நுழையறது எள்ளளவு வண்டு.

பூ முதல்ல பெண்ணா இருக்கும். அப்புறம்தான் ஆணாகி மகரந்தம் உதிர்க்கும். அதனால அது அதே பூவுக்கு உதவாது. உள்ளே தங்கின வண்டு உடம்பெல்லாம் பொடியோட கிளம்பி, புதுசா விரிஞ்ச பூவுக்குப் போனாத்தான் காய் பிடிக்கும். சேர்க்கை அரைகுறையானா காய் ஒரு பக்கம் சூம்பிடும், வியாபாரி கழிச்சுடுவார்.

"பூவுல பூச்சி இருக்கு, மருந்து அடிங்கண்ணே"ன்னு மருந்துக்கடைத் தம்பி சொல்றார். பூக்கிற சமயத்துல நான் மருந்தைத் தொடறதே இல்லை. அழுகின பழம் ரெண்டு மூணு மரத்தடியிலேயே கிடக்கட்டும்னு விட்டுடுவேன். அந்த வண்டு பெருகுறது அதுலதான்.