விளையாட்டுக் கணினியும் வீண்விரயமும்



முன்பு நம் பிள்ளைகள் மிதிவண்டி கேட்ட வயதில், இன்று கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறார்கள். ‘விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?’ என்று ஒரேயடியாக மறுக்கும் வீடுகள் உண்டு. கேட்டதையெல்லாம் தவணையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாதந்தோறும் திணறும் வீடுகளும் உண்டு. செலவு செய்யும்போது விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் நிற்போரைத் திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயம் சிறப்பித்துப் பேசுகிறது. அந்த நடுநிலையை ஒரு கணினிப் பெட்டிக்குள் நாங்கள் எவ்வாறு தேடினோம் என்பதைச் சொன்னால், இதே கேள்வியுடன் நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணுகிறோம்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருக்கும் கணினி 2019இல் வாங்கியது. ரைஸன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, ஒரு ஹார்டு டிஸ்க். 2024 கோடை விடுமுறையில் எங்கள் மகன் ஒரு பட்டியலை நீட்டினான். புதிய ஏ.எம்.5 வகை பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, டிடிஆர்5 ரேம், 850 வாட் எஸ்.எம்.பி.எஸ், வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடி கேபினட் என நீண்ட அதன் கூட்டுத்தொகை ஏறக்குறைய 90,000 ரூபாய். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் வாங்கிவிடலாம் என்றும் கீழே எழுதியிருந்தான்.

கையிலிருந்த சேமிப்பு 40,000 ரூபாய். மறுப்பதற்கு முன் மஷ்வரா செய்வோம் என்று மூவரும் அமர்ந்தோம். ‘எது பழையது என்று பார்க்காதே, எது தடுக்கிறது என்று பார்’ என்று மட்டும் அவனிடம் சொன்னோம். விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, மூன்று நாள் குறித்து வந்தான். கிராஃபிக்ஸ் கார்டு எந்நேரமும் நூறு விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ரேம் நிரம்பி வழிந்தது. ஹார்டு டிஸ்க் மூச்சு வாங்கியது. பிராசஸரோ பாதியளவே உழைத்தது. பட்டியலில் பெருந்தொகையை விழுங்கிய பகுதி, உண்மையில் குறையே இல்லாத பகுதி!

இதில் பலர் அறியாத கணக்கு ஒன்று உண்டு. ஏ.எம்.5 பிராசஸருக்குப் பழைய டிடிஆர்4 ரேம் பொருந்தாது. எனவே பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எங்களிடமிருந்த பி450 போர்டிலோ, பயாஸைப் புதுப்பித்தால், 2022இல் வெளிவந்த ரைஸன் 5 5600ஐயும் பொருத்தலாம். (பயாஸ் மாற்றும்போது மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகக்கூடும்; யுபிஎஸ் இன்றி அதில் இறங்க வேண்டாம்.) எங்கள் திரை 60 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 60 படங்களுக்கு மேல் அது காட்டாது. ஆகவே பிராசஸரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

வாங்கியவை நான்கே. பழைய ரேமுக்கு இணையாக அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி. ஒன்று இரண்டானபோது கொள்ளளவு மட்டுமன்றி வேகமும் கூடியது. ஹார்டு டிஸ்க்கிற்கு முன்னால் ஓர் எஸ்.எஸ்.டி. 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்.எக்ஸ் 6600 கார்டு. நான்காவது, தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பழைய கார்டு 75 வாட்டுக்குள், மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். தனி இணைப்பு வேண்டியதில்லை. புதியதோ 132 வாட் கேட்பது. அதற்குத் தனி மின்கம்பி வேண்டும். பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ்ஸில் விலையுயர்ந்த கார்டை மாட்டுவது, பலவீனமான உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போன்றது. அதே வேளையில் 850 வாட்டும் எங்களுக்கு மிகையே.

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. சென்னை ரிச்சி தெரு வரை போகாமல், பேருந்தில் திருச்சி சென்று கடையில் பார்த்தே வாங்கினோம். ‘பில் வேண்டாமென்றால் விலை குறையும்’ என்றார் ஒரு கடைக்காரர். 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சமாகும் என்பதே அதன் பொருள். கொடுக்க வேண்டிய வரியை மறைப்பது நேர்மையாகாது. பில் இல்லையேல் வாரண்டி கேட்கவும் வழியிராது. பில்லுடன் வேறு கடையில் வாங்கினோம்.

பயன்படுத்திய கார்டுகள் மலிவாகக் கிடைப்பதையும் மகன் காட்டினான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபின், இரவும் பகலும் ‘மைனிங்’கில் உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பழையது வாங்குவது தவறன்று. ஆனால் அதன் வரலாற்றைச் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதாகும். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே.

இனி, தவணைக்கு வருவோம். “வட்டி இல்லைன்னுதானே அத்தா போட்டிருக்கு?” என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. நிபந்தனைகளை வரி வரியாகச் சேர்ந்தே படித்தோம். வங்கி வட்டி போடுகிறது. அதே அளவு தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். எடுத்துக்காட்டாக, வட்டி 6,000 ரூபாய் என்றால் அத்தொகைக்குத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அந்த வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,080 ரூபாயை நாம்தான் கட்ட வேண்டும். இல்லாத வட்டிக்கு எப்படி வரி வரும்? பூஜ்ய விழுக்காடு வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது. மார்க்கத் தீர்ப்பு கூறுவது உலமாக்களின் பணி. சந்தேகத்துக்குரியதை விட்டு விலகுவது எங்கள் பணி என்று கொண்டோம். மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடி கேபினட்டைத் தானே அடித்துவிட்டான்.

அதுவும் நல்லதே. கோடையில் நம் பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த பெட்டியைவிட, காற்று புகும் வலைமுகப்பே இங்கு ஏற்றது. பழைய கேபினட்டில் அது இருந்தது. ஒரு ஃபேன் மட்டும் கூட்டினோம்.

கழற்றிய பழைய கார்டு அரியலூரில் வாழும் எங்கள் தங்கையின் மகளுக்குப் போயிற்று. கல்லூரி வரைபடப் பணிக்கு அவள் கணினி திணறிக்கொண்டிருந்தது. தனி மின்இணைப்பு வேண்டாத கார்டு என்பதால், அவளுடைய எஸ்.எம்.பி.எஸ்ஸே போதுமானதாயிற்று. ஃபேனில் லேசான இரைச்சல் உண்டென்பதை முன்னரே சொல்லிவிட்டோம். அன்பளிப்பிலும் குறையை மறைக்கலாகாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோர வீடு அது. பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைக்கவும், மாதம் ஒருமுறை தூசி நீக்கவும் மகனே அவளுக்குக் கற்றுக்கொடுத்தான்.

செலவு 40,000 ரூபாய்க்குள் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். கடன் ஏதுமில்லை. பாங்கு ஒலித்தால் விளையாட்டு நிற்க வேண்டும் என்பதும், இணையத்தில் எவருடன் விளையாடுகிறான் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உடன்பாடு. முதலாவதை அவனே பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படியொரு பட்டியலை நீட்டினால், தொகையைப் பார்த்தவுடன் மடித்து வைத்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பொருளும் எதற்கென்று கேளுங்கள். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தேவை எது, ஆசை எது, பிறர் பார்க்க வேண்டும் என்பது எது எனப் பிரிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை வீடு கட்டும்போதும் திருமணச் செலவின்போதும் அதே கணக்கைப் போடுவான், இன்ஷா அல்லாஹ்.

நம் செலவுகளிலும் நம் பிள்ளைகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.