கேவுரு

போன மாசம் தோப்புல கிளிமூக்கு மாங்காய் லோடு ஏத்திக்கிட்டிருந்தோம். டவுன்ல இருக்கறவங்க இதைப் பெங்களூரான்னும் தோத்தாபுரின்னும் சொல்வீங்க. ஜூஸ் கூழுக்குப் போறது பெரும்பாலும் இதுதான். வானம் கருத்துக்கிட்டு வந்தது. கூடை தூக்கிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், "மயை வர்றதுக்குள்ள தார்ப்பாயப் போடுங்கப்பா" என்றார். ஓசூர்ல கம்பெனி வேலையில் இருக்கற என் அண்ணன் பையன் லீவுக்கு வந்திருந்தான். "மயை இல்ல தாத்தா, மழை. எங்க, சொல்லுங்க பாக்கலாம், ம-ழை" என்றான். எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவரும் சிரிச்சார். அதுக்கப்புறம் லாரி கிளம்பற வரைக்கும் அவர் வாயே திறக்கல.

பையனைத் திட்டணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திட்டல. அந்தத் தகுதி எனக்கு இல்ல.

நான் பி.ஏ. தமிழ் படிச்சவன். மாங்கா விக்கறவனுக்கு எதுக்கு இலக்கியம்னு கேக்காதீங்க, வாங்கின மார்க்குக்கு அந்த சீட்டுதான் கிடைச்சது. 1994ல் சேர்ந்தேன். அப்போ எங்க சிங்காரப்பேட்டை தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிஞ்சது 2004ல்தான். மத்த பாடமெல்லாம் நோட்ஸ் பாத்துப் படிச்சது. மொழியியல்னு ஒரு பாடம் மட்டும் என்னைப் பிடிச்சுக்கிச்சு. அதுக்கு வந்த வாத்தியார் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிச்சவர். 1960கள்லயே மொழியியலுக்குன்னு உயராய்வு மையம் அமைஞ்ச இடம் அது, தெ.பொ.மீ. வேலை பார்த்த இடம். அந்தப் பெருமை வாத்தியார் நடையிலயே தெரியும்.

முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவே விடல. தொண்டையில் கை வெச்சுக்கிட்டு 'கல்'னு சொல்லச் சொன்னார். அப்புறம் 'தங்கம்'. அப்புறம் 'மகன்'. எழுதறது ஒரே க தான். ஆனா 'கல்'லுல வர்ற கவுக்குத் தொண்டை அதிராது, 'தங்க'த்துல அதிரும், 'மகன்'ல காத்து உரசிக்கிட்டுப் போகும். "இதை உங்களுக்கு யாருடா சொல்லிக் குடுத்தா? பள்ளிக்கூடமே போகாத உங்க பாட்டி இதுல ஒருநாளாவது தப்பு பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டார். நான் அன்னிக்கு வீட்டு ஞாபகத்துல இதைச் சரியா காதுல வாங்கல. வாங்கியிருந்தா இந்தக் கதையே இல்ல.

எனக்குப் பிடிச்சது ழ. தொல்காப்பியர் பிறப்பியல்ல ரவையும் ழவையும் ஒண்ணாச் சேர்த்து, நாக்கு நுனி மேல எழும்பி அண்ணத்தைத் தடவினா பிறக்கறதுன்னு சொல்லியிருக்கார். கண்ணாடி இல்ல, மெஷின் இல்ல, தன் வாயையே பாத்துச் சொன்னது. உலக ஒலிப்பு நெடுங்கணக்குன்னு ஒண்ணு இருக்கு. 1886ல் பாரிஸ்ல ஆரம்பிச்ச சங்கம் உருவாக்கினது. அதுல ழவுக்கு ஒரு குறி உண்டு. ஆங்கில ஆர் எழுத்தைத் தலைகீழாக் கவுத்து, வால் ஒட்டின மாதிரி இருக்கும். நோட்டு பூரா அதை எழுதிப் பழகினேன். ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னு நாக்கை மடிச்சேன். ஏன்னா எங்க வீட்டில் யாருக்கும் ழ கிடையாது. வாயப்பயம், கோயி, கெயங்கு, கயனி. எல்லாம் ய தான்.

அந்த வருஷ லீவுக்கு ஊருக்கு வந்தேன். ஆயா களி கிண்டிக்கிட்டே, "இந்தத் தடவ கேவுரு நல்லா காஞ்சிருக்குது" என்றாள். நான், "கேவுரு இல்ல ஆயா, கேழ்வரகு. நீ சொல்றதெல்லாம் தப்புத் தமிழ்" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தாங்க. ஆயா சிரிச்சாள். நானும் விடல, ஒரு வாரம் அவள் பேசப்பேசத் திருத்தினேன். நாலாம் நாளே அவள் என்கிட்ட "சாப்புடு", "தூங்கு" தவிர ஒண்ணும் பேசலைங்கறதைக்கூட நான் கவனிக்கல.

மூணாம் வருஷம் வாத்தியார் திராவிட மொழிகளை ஒப்பிட்டுப் பாடம் எடுத்தார். எங்க பக்கத்துப் பையன்களுக்கு இது புதுசே இல்ல. சந்தையில் கன்னடமும் தெலுங்கும் தினம் காதுல விழும். ஆனா கேட்டதுக்கும் புரிஞ்சதுக்கும் நடுவுல தூரம் இருந்தது. தமிழ்ல பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பள்ளி, ஹள்ளி. பழைய கன்னடத்தில் ப வா இருந்தது பின்னாடி ஹ ஆயிடுச்சு. ஓசூர்ங்கறதே ஹொஸ ஊரு, நம்ம புதூர்தான். ஒரு சொல்லுல இல்ல, சொல் முதல்ல வர்ற ப ஒவ்வொண்ணா அப்படியே மாறுது. அதை யாரும் தப்புன்னு சொல்லல, கன்னடம்னு சொல்றாங்க.

அடுத்து வாத்தியார் போட்டது எங்க தலையிலயே. கன்னடத்தில் காது கிவி, நமக்குச் செவி. அவங்களுக்குக் கேரி, நமக்குச் சேரி. பழைய ஒலி க. இ, எ முன்னாடி அதைச் ச ஆக்கினது நாமதான். "இப்பச் சொல்லுங்க, தப்பா உச்சரிச்சது யாரு?" அப்படின்னா கிளி, கேள், கெடு எல்லாம் ஏன் மாறாம நிக்குதுன்னு ஒருத்தன் கேட்டான். அடுத்து வர்ற ள, ட எல்லாம் நாக்கை வளைச்சுச் சொல்ற ஒலி. அது பின்னாடி இருந்தா க மாறாது. ழவும் அந்தக் கூட்டம்தான். அதனாலதான் கிழங்கு கிழங்காவே இருக்கு.

எனக்கு உடனே மண்டையில் உறைச்சது கேவுரு. ழ இருந்ததாலதானே கேழ்வரகுல க தப்பிச்சது? ஆயா வாயில ழ போயிடுச்சு, ஆனா க நிக்குது. ஆத்துல தண்ணி வத்தினாலும் கரை இருக்கற மாதிரி. இது நான் போட்ட கணக்கு, வாத்தியார் சொன்னது இல்ல. அவகிட்ட இருந்தது தப்பு இல்ல, ஒரு ஒழுங்கு. ழ வர்ற இடத்துல ய. நான்தான் அதைப் போய்க் குடைஞ்சேன்.

அந்த வருஷம்தான் களப்பணி. சொந்த ஊர்ல வயசானவங்க ஒருத்தர் பேச்சைப் பதிவு பண்ணி, ஒலிக்குறியில் எழுதிக் குடுக்கணும். டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கிக்கிட்டு ஊருக்கு ஓடினேன். ஆயா முன்னாடி வெச்சு, "விவசாயத்தைப் பத்திப் பேசு ஆயா" என்றேன்.

"என் பேச்சு தப்புப் பேச்சுடா கண்ணு. அது எதுக்கு உனக்கு? உன் பரீச்சையில கொறச்சுடப் போறாங்க."

கெஞ்சிக் கேட்டதும் உக்காந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பேரனுக்காக நல்ல தமிழ்ல பேசினாள். "காலையில தழிர் கடைவோம். வழிறு காஞ்சாலும் மாட்டுக்குத்தான் மொத தண்ணி."

தழிர். வழிறு. முதல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரல. ய வர்ற இடமெல்லாம் தப்புன்னு நினைச்சுக்கிட்டு, சரியா இருந்த சொல்லுலயும் ழவைப் போட்டிருக்கா. இதுக்கு மிகைத்திருத்தம்னு புத்தகத்துல பேர் இருக்கு. மூணு பக்க உதாரணத்தோட நான் படிச்சது. அந்த ழவை எங்க ஆயா எவ்வளவு அழகாச் சொன்னாள் தெரியுமா? நாக்கு நுனி எழும்பி அண்ணத்தைத் தடவுது. ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அவள் எப்போ, யாருக்குத் தெரியாமப் பழகினாளோ.

"நீ எப்பவும் போலப் பேசு ஆயா" என்றேன். "இதான்டா எப்பவும் போல" என்றாள். ஒரு பக்கம் முழுக்க அப்படியே ஓடிச்சு.

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரத்துல பின்னாடி மாட்டு மணிச் சத்தம். ஆயா எழுந்து ஓடினாள். "அடியே, கேவுரு கொல்லையில மாடு பூந்துகினு மேயுது, யாரும் பாக்கலியா! வெரட்டு, வெரட்டு!" மாட்டுக்காரனுக்கும் அவன் பரம்பரைக்கும் கிடைச்ச வசவு தனி. ஒரு நிமிஷம் இருக்கும். நான் எழுதிக் குடுத்தது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். வசவையும் ஒலிக்குறியிலதான் எழுதினேன். வாத்தியார் படிச்சுட்டு மாடு யாரோடதுன்னு கேட்டார்.

ஆயா போய்ப் பல வருஷம் ஆச்சு. கேசட் டிரங்குப் பெட்டியில் கிடந்து பூஞ்சை பிடிச்சுப்போச்சு. போன வருஷம் அண்ணன் பையன்தான் ஓசூர்ல ஒரு கடையில் குடுத்து செல்போன்ல ஏத்திக் குடுத்தான். முதல் பக்கம் பாதிக்கு மேல கரகரன்னு இருக்கு. தழிர் மட்டும் ஒரு இடத்துல தெளிவாக் கேக்குது. ரெண்டாம் பக்கத்துல மாட்டு மணி நல்லா வந்திருக்கு.

அன்னைக்கு ராத்திரி லாரி போனப்புறம் அதை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். காலையில பெரியவருக்கு டீ வாங்கிக்கிட்டுப் போனான். அவர் வாங்கிக் குடிச்சார். பேசினாரான்னு நான் கேக்கல.