தீ தெரியாத அடுப்பு

எங்கள் வீட்டுக் குசினிக்கு அந்தக் கண்ணாடி அடுப்பு வந்தது 2021 டிசம்பரில். கட்டாரிலிருந்து லீவில் வந்த தம்பி கொழும்பில் வாங்கி, வேனில் ஏற்றி, சாய்ந்தமருது வரைக்கும் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்து இறக்கினான். பெட்டியைப் பிரித்தபோது உம்மா எட்டிப் பார்த்தா. கறுத்த, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் ஒரு பலகை. அதன்மேல் வெள்ளைக் கோட்டில் நான்கு வட்டங்கள்.

"இதில அடுப்பு எங்க மகன்?"

"இதுதான் உம்மா அடுப்பு."

"கண்ணாடிக்கு மேலயா சோறாக்கிற?"

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி அவ்வளவு சிரிக்கத்தக்கது அல்ல என்பது எனக்குப் புரிய நான்கு மாதம் சென்றது.

அடுப்பு வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நவம்பரில் நாட்டின் பல இடங்களில் காஸ் அடுப்புகளும் சிலிண்டர் குழாய்களும் வெடித்துக்கொண்டிருந்தன. எரிவாயுக் கலவையில் புரோப்பேனின் அளவு மாறியதே காரணம் என்று பின்னர் சொன்னார்கள். இரவுச் செய்தியில் ஒவ்வொரு நாளும் ஒரு கருகிய குசினியைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒரு பயம். உம்மாவுக்கு அப்போது 76 வயது. ஒரு கண்ணில் வெண்படலம் எடுத்தாகிவிட்டது, மற்றக் கண் இன்னும் மங்கல். ஒரு நாள் நான் பாடசாலை விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் காஸ் வாடை. காற்றில் தீ அணைந்திருக்கிறது, உம்மா அது எரிவதாக நினைத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறா. சன்னல்களைத் திறந்துவிட்டு முற்றத்தில் வந்து நின்றபோது என் கால்கள் நடுங்கின. அன்றிரவே தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆகவே அடுப்பை வாங்கியது அவன் என்றாலும் வரவழைத்தது நான்தான்.

பூட்டுவதே ஒரு பாடாகப் போயிற்று. நான்கு வட்டமும் ஒன்றாக எரிந்தால் ஏறத்தாழ 7 கிலோவாட் இழுக்கும். எங்கள் வீட்டு இணைப்போ 30 அம்பியர். 230 வோல்டில் அது தாங்குவது மொத்தமே 6,900 வாட். கரண்ட் வேலை செய்யும் பொடியன் மெயின் போர்டிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுத்து, அதற்கென்று ஒரு பிரேக்கரும் போட்டுவிட்டுச் சொன்னான்: "ராத்தா, நாலையும் ஒண்டாப் போடாதீங்க. ரெண்டு அடுப்பு எரியக்குள்ள அயன் போட்டாலும் கவனம். இல்லாட்டி முழு வீடும் இருட்டு."

நன்மைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டுப் பேசக்கூடாது. தீ இல்லை, ஆகவே முந்தானையில் பற்றாது. வாடை இல்லை, கரி இல்லை. சிலிண்டர் தீர்ந்து நோன்பு நாளில் கடை கடையாக அலையத் தேவையில்லை. பால் காய்ச்ச ஏற்ற மெல்லிய சூட்டில் வைத்துவிட்டு ஒரு கட்டுரைப் பயிற்சி திருத்தலாம். சோறு கொதித்து வற்றும் நேரத்தில் அடுப்பை நிறுத்திவிட்டால் கண்ணாடியில் மிஞ்சிய சூட்டிலேயே அது வெந்து அடங்கிவிடும். துடைப்பதென்றால் ஒரு ஈரத் துணி போதும்.

அது எப்படி உடையாமல் இருக்கிறது என்று எனக்கே ஆசையாக இருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை என்பதால் தேடிப் படித்தேன். 1953இல் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடிக் கம்பனியில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற ஆய்வாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகை செல்சியசில் சூடாக்க உலைக்குள் வைத்திருக்கிறார். உலை பழுதாகி 900 பாகைக்கு ஏறிவிட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்து பார்த்தால் துண்டு வெள்ளை நிறத்தில் அப்படியே கிடந்ததாம். எடுக்கும்போது கை தவறி நிலத்தில் விழுந்தும் உடையவில்லை. உள்ளே நுண்ணிய பளிங்குகள் விளைந்து, கண்ணாடிக்கும் மட்பாண்டத்துக்கும் நடுவிலான ஒரு பொருளாக அது மாறியிருந்தது. இந்த அடுப்புகளின் பலகை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சூடேறினால் விரிவதில்லை என்றே சொல்லலாம். சூட்டைப் பக்கவாட்டில் அவ்வளவாகக் கடத்துவதுமில்லை என்பதால் ஒரு வட்டம் சிவந்து கிடக்கும்போது பக்கத்து இடம் கை வைக்கும் சூட்டில் இருக்கிறது. சுடச்சுட இருக்கையில் தண்ணீர் சிந்தினாலும் வெடிப்பதில்லை. கீழே சுருள் கம்பி தணலாகி, அதன் வெப்பக் கதிர் கண்ணாடியை ஊடுருவிச் சட்டிக்கு ஏறுகிறது.

இதையெல்லாம் உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப இதும் மண்சட்டிக்கிச் சொந்தக்காரன்தான்" என்றா.

ஆனால் அந்தச் சொந்தக்காரன் மண்சட்டியைச் சேர்ப்பதாக இல்லை. அடிப்பக்கம் சமதட்டையாக இருக்கிற பாத்திரத்துக்கே அவன் உடன்படுவான். மீன் ஆணம் காய்ச்சும் எங்கள் மண்சட்டிக்கு உருண்டை அடி, நடுவில் ஒரு புள்ளிதான் கண்ணாடியில் பட்டது. ஆணம் கொதிக்க முக்கால் மணித்தியாலம். சட்டியை இழுத்தபோது கண்ணாடியில் கீறலும் விழுந்தது. பொரிக்கிற தாச்சி தொட்டில் போல ஆடியது. உம்மா ஐம்பது வருடமாகத் தும்பும் சாம்பலும் போட்டுத்தான் எதையும் தேய்ப்பா. முதல் கிழமையிலேயே அடுப்பையும் அப்படித் தேய்த்ததில் பளபளப்பு மங்கியது. அப்பச் சோடாவும் வினாகிரியும் போட்டு மெல்லிய துணியால் துடைக்க வேண்டும் என்று நான் சொல்ல, "இது அடுப்பா, புது மாப்பிளையா?" என்றா.

சீனி இன்னும் பொல்லாதது. வட்டிலாப்பத்துக்குக் கருப்பட்டி உருக்கும்போது பாகு பொங்கி வழிந்தது. ஆறட்டும் என்று விட்டேன். அதுதான் பிழை. பாகு ஆறி இறுகும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது; பிறகு பெயர்த்தால் கண்ணாடியின் மேற்தோலையும் சேர்த்துக்கொண்டு வரும். சூடாக இருக்கும்போதே, கையைப் பார்த்துக்கொண்டு, தகட்டால் சுரண்டிவிட வேண்டும். முன்வட்டத்தில் அரிசி மணியளவில் இரண்டு பள்ளங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட உம்மாவை வருத்தியது அந்தத் தொடு பொத்தான். திருகுவதற்கு ஒன்றுமில்லை, விரலை வைத்தால் போதும். நான் வைத்தால் 'பீப்' என்று சத்தம் வரும். உம்மா வைத்தால் வராது. விரல் ஈரம் என்றால் ஏற்காது. மிளகாய் அரைத்து, மீன் கழுவித் தேய்ந்த விரல் காய்ந்திருந்தாலும் பல தரம் ஏற்காது. ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். உம்மா அந்தக் கண்ணாடியை விரலால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு நிற்கிறா, கதவைத் தட்டிவிட்டு ஆள் வருமா என்று காத்து நிற்பதுபோல. என்னைக் கண்டதும், "நான் இரிக்கன் எண்டே இதுக்குத் தெரியல்ல மகள்" என்று சிரித்தா. அன்றிலிருந்து அடுப்புப் போடுவதும் நிறுத்துவதும் என் வேலையாயிற்று. நான் பாடசாலை போகும் நாட்களில் உம்மா ஆறிய தேத்தண்ணியைக் குடித்தா. அதை நான் ஒரு மாதம் கழித்துத்தான் அறிந்தேன்.

ஒரு விடயத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பாடமாக்கிக் கொடுத்திருந்தேன். அடுப்பை நிறுத்திய பின்னும் கண்ணாடி சூடாக இருக்கும்வரை ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். "புள்ளி எரிஞ்சாத் தொடாதீங்க உம்மா. புள்ளி இல்லாட்டி ஆறிட்டு எண்டு அர்த்தம்." வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல் திருப்பிக் கேட்டும் பார்த்தேன். உம்மா சரியாகச் சொன்னா.

2022 வந்தது. டீசல் இல்லை, நிலக்கரி இல்லை, டொலர் இல்லை. மின்வெட்டு ஒரு மணித்தியாலமாகத் தொடங்கி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பின்வளவில் மூன்று கல்லை வைத்து உம்மா பழைய கொள்ளி அடுப்பை மூட்டினா. ஊதுகுழலை எங்கே வைத்திருந்தா என்பது எனக்குத் தெரியாது. கேட்டவுடன் எடுத்துக்கொண்டு வந்தா. அந்த நாட்களில் உம்மாவின் நடையே மாறியிருந்தது. புகையில் இருமிக்கொண்டே என்னை வேலை ஏவினா. பழைய உம்மா.

ஏப்ரலில் நோன்பு பிடித்தது. முதல் பத்துக்குள் ஒரு நாள். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும். கரண்ட் இருக்கிற நேரம் என்பதால் கஞ்சி கண்ணாடி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அட்டவணையில் இல்லாத நேரத்தில் கரண்ட் போனது. நான் பானையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினேன். இருண்டுவந்த குசினிக்குள் உம்மா பேரீச்சம்பழத் தட்டை எடுக்கப் போயிருக்கிறா. கறுத்த பலகை, தீயில்லை, தணலின் சிவப்பும் அடங்கிவிட்டது. புள்ளியும் இல்லை. புள்ளி எப்படி இருக்கும்? அதுவும் கரண்டில்தானே எரிகிறது.

உம்மா கத்தவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வுழூச் செய்கிறா என்று நினைத்தேன். பாங்கு சொன்னது. பாயில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்தோம். உம்மா பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை எடுத்தா. இடக் கையால்.

என் ஆயுளில் உம்மா இடக் கையால் ஒன்றை வாயில் வைத்ததை நான் கண்டதில்லை. சின்ன வயதில் நான் அப்படி எடுத்தபோது கையில் தட்டியவ அவ. "மற்றக் கையைக் காட்டுங்க" என்றேன். முந்தானைக்குள் இருந்து எடுக்கவில்லை. நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கையும் நான்கு விரலும் வெளுத்துப் பொங்கியிருந்தன.

"ஏன் உம்மா அதில கைய வெச்ச?"

"லைட் இல்லாட்டி ஆறிட்டு எண்டு நீதானே மகள் சொன்ன."

குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொன்னா, அவ்வளவுதான். பாடம் பிழையாக இருந்தது; பிள்ளை பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது. முப்பது வருடம் படிப்பித்த எனக்கு அதைவிட ஒரு தண்டனை இல்லை. அன்றிரவு டோர்ச் வெளிச்சத்தில் கைநூலை எடுத்துப் பார்த்தேன். மின்சாரம் தடைப்பட்டால் சூடு காட்டும் விளக்கு எரியாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் வாசிக்கவில்லை.

கை ஆற மூன்று கிழமை சென்றது. அதுவரை சோற்றைப் பிசைந்து நான் ஊட்டினேன். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டா, பிறகு "உப்புக் காணாது" என்று குறை சொல்லத் தொடங்கினா. எனக்கு நிம்மதியாக இருந்தது.

விடயம் கேள்விப்பட்ட தம்பி கட்டாரிலிருந்து இன்டக்சன் அடுப்பு அனுப்புவதாக நின்றான். பார்வைக்கு அதுவும் கண்ணாடிதான். ஆனால் காந்தப் புலத்தால் பாத்திரத்தையே சூடாக்கும், கண்ணாடிக்குச் சட்டியிலிருந்து திரும்பும் சூடு மட்டும்தான். உண்மையிலேயே பாதுகாப்புக் கூடியது. ஆனால் காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். எங்கள் அலுமினியப் பானையும் மண்சட்டியும் அதற்கு ஆகாது. உம்மா தொலைபேசியை வாங்கி, "சட்டி பானையையும் மாத்தி, அடுப்பையும் மாத்தினா, பொறகு ஆக்கிறது ஆர் மகன்? என்னையும் மாத்தப் போறியா?" என்றா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏறியபோது கண்ணாடி அடுப்பின் வேலை தானாகவே குறைந்தது. இப்போது காஸ் சிலிண்டர் சுவருக்கு வெளியே நிற்கிறது, குழாய் மட்டும் உள்ளே வருகிறது. ஆணமும் பொரியலும் அதில், நான் வீட்டில் இருக்கும்போது மட்டும். பாலும் சோறும் கண்ணாடியில். பெருநாள் பானை கொள்ளியில். மூன்று காலமும் ஒரே குசினியில் கிடக்கின்றன. வாங்க யோசிப்பவர்கள் கேட்டால், அடி தட்டையான பாத்திரமும், தாங்குகிற வயரும், கட்டணம் கட்டத் தெம்பும் இருந்தால் வாங்குங்கள் என்பேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தொடு பொத்தான் வேண்டாம், திருகு குமிழ் உள்ளதைப் பாருங்கள் என்பேன்.

மற்றப் பாதுகாப்பை உம்மாவே கண்டுபிடித்தா. அடுப்பை நிறுத்திப் பானையை இறக்கியதும், அந்த வட்டத்தின்மேல் தண்ணீர் நிரப்பிய தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கி வைத்துவிடுவா. மிஞ்சிய சூட்டில் தண்ணீர் காயும். கேத்தல் நிற்கிற இடம் சூடு. கேத்தல் ஆறினால் கண்ணாடியும் ஆறிவிட்டது. அதற்குக் கரண்ட் வேண்டாம், கண்கூட வேண்டாம், கை தடவினால் கேத்தலின் பிடிதான் முதலில் படும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குக் கொஞ்சம் முன்பு நாடு முழுவதும் கரண்ட் போனதே, அன்று நான் குசினியில் நின்றேன். விசிறி நின்ற திகைப்பில் பின்னால் திரும்பி, பலகையில் கையை ஊன்றப் போனேன். விரலில் கேத்தலின் பிடி இடித்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"கரண்ட் போயிட்டா மகள்?" மண்டபத்திலிருந்து உம்மா கேட்டா.

"ஓம் உம்மா."

"கேத்தல்ல தண்ணி சுடுமே. ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்து."