ஸ்பிரிண்டரின் மலைகள்

வீதிச் சைக்கிளோட்டத்தில் ஸ்பிரிண்டர் என்பவர் கடைசி இருநூறு, முந்நூறு மீற்றருக்காகச் சம்பளம் வாங்குபவர். ஒரு நாள் ஓட்டம் 200 கிலோமீற்றரைத் தொடும். அதில் அவர் முழுப் பலத்தையும் இறக்குவது பத்துப் பதினைந்து விநாடிதான்.

மிச்ச நேரமெல்லாம் பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பதே வேலை. சமதரையில் முதல் எதிரி காற்று. முன்னால் போகிறவரை ஒட்டி ஓடினால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிளோட்டத்தில் முதல் திருப்பத்திலேயே பாய்ந்து கைதட்டல் வாங்கும் இளைஞர் முடிவுக்கோட்டுக்கு முன் சோர்ந்துவிடுவது இதனால்தான். தொழில்முறை அணியில் அந்த முன்னிடத்துக்கென்றே ஆட்கள் உண்டு. ஒருவர் பின் ஒருவராகக் காற்றைத் தாங்கி, தன் பங்கு தீர்ந்ததும் விலகுவார்கள். கடைசி ஆள் விலகும்போது வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். பிரித்தானிய ஸ்பிரிண்டர் மார்க் கெவண்டிஷுக்கு 2009 முதல் பல ஆண்டுகள் அந்தக் கடைசி ஆளாக இருந்தவர் ஆஸ்திரேலியரான மார்க் ரென்ஷோ.

ஆனால் ஸ்பிரிண்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது மலை. புளத்கொகுபிட்டியவின் தோட்டப் பாதைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏற்றத்தில் காற்றின் கணக்குக் குறைந்து எடையின் கணக்குக் கூடுகிறது. வேகத்துக்காக வளர்த்த தொடையே சுமையாகிறது. மெலிந்த மலையேறிகள் முன்னே போய்விட, ஸ்பிரிண்டர்கள் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஏறுவார்கள். குருப்பெத்தோ என்று பெயர். நேற்று முழங்கையால் இடித்தவரும் அங்கே கூட்டாளி. வென்றவரின் நேரத்தோடு அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி நேர எல்லை வைப்பார்கள். அதற்குள் வராதவருக்கு மறுநாள் ஓட்டம் இல்லை. நாளுக்கொரு கட்டமாகப் பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸின் 2018 ஓட்டத்தில், 11ஆம் கட்டத்தில், லா ரோசியே மலையில், கெவண்டிஷ், ரென்ஷோ, ஜெர்மனியின் மார்செல் கிட்டல் மூவரும் ஒரே நாளில் அப்படி வெளியேறினார்கள். டூரில் 14 கட்டங்கள் வென்றிருந்த கிட்டல் மறு ஆண்டே, 31 வயதில், ஓட்டத்தை விட்டார்.

விழுவதும் தொழிலின் பகுதி. 2020இல் போலந்தின் கத்தோவிட்சேயில் நடந்த ஓட்டத்தில் ஸ்பிரிண்டர் டிலன் குரோனவேகன் தன் பாதையை விட்டு விலக, இன்னொரு ஸ்பிரிண்டரான ஃபாபியோ யாகோப்சன் தடுப்புவேலியில் மோதி முகம் சிதைந்தார். குரோனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. முடிவுக்கோட்டை இறக்கத்தில் போட்டவர்களின் பொறுப்பும் பேசப்பட வேண்டியதே. யாகோப்சன் 2022இல் டூர் கட்டம் ஒன்றை வென்றார்.

கெவண்டிஷ் 2008க்கும் 2016க்கும் இடையில் டூரில் 30 கட்டங்கள் வென்றார். பிறகு எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று, வெற்றியற்ற ஆண்டுகள். 2021இல் நான்கு கட்டங்கள் வென்று எடி மெர்க்ஸின் 34 கட்டச் சாதனையைச் சமன் செய்தார். 2023 டூரில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. 2024 டூரின் முதல் நாள், ஃப்ளோரன்ஸிலிருந்து ரிமினி வரையான மலை வெயிலில், 39 வயதில் வாந்தியெடுத்தபடி ஓடினார். அணித் தோழர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்து அவரோடு நின்று நேர எல்லைக்குள் சேர்த்தார்கள். ஜூலை 3 அன்று சான் வுல்பாவில் 35ஆவது கட்டத்தை வென்றார். சாதனைப் பட்டியலில் அந்த முதல் நாளுக்கு இடமில்லை. அது இல்லாமல் 35உம் இல்லை.

அதே டூரில் மூன்று கட்டங்களையும் புள்ளிப் பட்டியலில் முதல்வருக்கான பச்சைச் சட்டையையும் வென்றவர் எரித்திரியாவின் பினியம் கிர்மாய். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீற்றர் உயரத்தில் உள்ள அஸ்மாராவில் பிறந்தவர். சிறு ஏற்றங்களில் கூட்டத்தை விட்டுப் பின்தங்காமல் வந்து, கோட்டருகே பாயவும் தெரிந்தவர். அணிகள் இப்போது இத்தகையவரையே அதிகம் தேடுகின்றன.