கடைக்காரர் சரக்கு என்ன ஆச்சு?

ஒரு நிமிஷம் இந்தப் பக்கத்தை அப்படியே விட்டுட்டு, போனில் ஆல்ஃப்ரெட் சிஸ்லியின் ‘போர்ட் மார்லியில் வெள்ளம்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பார்த்தாச்சா? இடது பக்கம் தெரிகிற வீடு ஒரு ஒயின் கடை. பக்கத்திலேயே படகு. தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர், அதில் நிற்கும் மரங்கள், மேலே மேகம் மூடிய பெரிய வானம். 1876இல் பாரிஸுக்குப் பக்கத்தில் செய்ன் நதி கரை தாண்டியபோது வரைந்தது.

போன செமஸ்டரில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் முடிச்சூர் வீட்டுக்குள் வந்தது. அப்போ எனக்கு ஒன்பது வயசு. மேல் மாடி வீட்டில் இரண்டு ராத்திரி. கீழே எங்க ஃப்ரிட்ஜ் மிதந்து கதவில் முட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. தண்ணி வடிந்த பிறகு அம்மா கல்யாண ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் காய வெச்சாங்க. பாதி முகங்கள் கரைஞ்சு போயிருந்தன. அந்த மாதிரித் தண்ணியை ஒருத்தர் எப்படி இவ்வளவு அழகா வரையலாம்? படத்தில் யாரும் அழவில்லை, ஓடவில்லை.

அப்புறம்தான் அவரைப் பற்றிப் படித்தேன். பாரிஸில் பிறந்த ஆங்கிலேயர். 1870 போரில் அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போக, படம் விற்றால்தான் சாப்பாடு என்ற நிலை. வெள்ளம் வந்தபோது பக்கத்திலேயே மார்லியில் குடியிருந்தார். வேடிக்கை பார்க்க வெளியூரிலிருந்து வந்த ஆள் இல்லை. 1899இல் வறுமையிலேயே செத்துப்போனார். அடுத்த வருஷமே இதே படம் 43,000 பிராங்குக்கு ஏலம் போனது! (பிளேஸ்மென்ட் வரலைன்னு புலம்புறவங்க கவனிக்கவும்.) இப்போது அது பாரிஸ் ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது.

திரும்பவும் படத்தைப் பாருங்கள். தண்ணீர் பாயவில்லை, நிற்கிறது. வானத்தின் நிறம் சின்னச் சின்னத் தீற்றல்களாக அதில் கிடக்கிறது. மழை விட்ட காலையில் எங்கள் தெருவும் அப்படித்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, அழகா இருக்குல்ல?" என்று கேட்டேன். அம்மா பதிலே சொல்லவில்லை. அப்படிக் கேட்டதை நினைச்சு ரொம்ப நாள் வெட்கப்பட்டிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்லை.

போன வாரம் இந்தப் படத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "நல்லா இருக்குடா. அந்தக் கடைக்காரர் சரக்கையெல்லாம் முன்னாடியே மேல ஏத்திட்டாராமா?"